முதல் கைத்துப்பாக்கி: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் டெக்சாஸில், ஹூஸ்டனுக்கு மேற்கே ஒரு புறநகரில் வசிக்கிறேன். சில வருடங்களாகச் சட்டைக்குள் கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு வெளியே போய்வருகிறேன். அது நண்பர்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து, எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் தனியாக அழைத்துக் கேட்கிறார். பக்கத்துத் தெருவில் திருட்டு, நம்மவர் வீடுகளில் தங்கம் இருக்கும் என்று குறிவைக்கிற கும்பல், இரவு நேர வேலை என்று காரணங்கள் பல. கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதி, நான் சொன்ன பதிலையும் எழுதியிருக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. சட்டம் பற்றிச் சொல்லியிருப்பதை உங்கள் மாநிலத்துக்கு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

"அண்ணா, நான் எச்-1பில இருக்கேன். துப்பாக்கி வாங்கலாமா?"

பொதுவாகக் கூடாது. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, சுற்றுலா விசா என்று குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே மத்திய சட்டம் தடுக்கிறது. வாங்குவது மட்டுமில்லை, கையில் வைத்திருப்பதும் குற்றம். சுடும் பயிற்சிக் கூடமான ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதில் அடங்கும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. லாஸ் வேகஸ் போனால் விளையாட்டாகச் சுட்டுப் பார்த்துவிட்டு, அந்தப் படத்தையும் ஊருக்கு அனுப்புகிறோம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் இந்தத் தடை பொருந்தாது. ஆனால் அந்த உரிமம் காலாவதியான மறுநாளே நீங்கள் தடைக்குள் வந்துவிடுவீர்கள். துப்பாக்கிக் குற்றம் நாடு கடத்தலுக்கே காரணமாகலாம். பத்து வருடமாகக் கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர் இந்தக் கயிற்றின் மேல் நடக்க வேண்டாம் என்பது என் கருத்து. எப்படியும் வேண்டும் என்றால், முதலில் குடியேற்ற வழக்கறிஞருக்குக் காசு கொடுங்கள், கடைக்கு அப்புறம் போகலாம்.

"கிரீன் கார்டு வந்தாச்சு. கடைக்குப் போனா அன்னைக்கே குடுத்துடுவாங்களா?"

டெக்சாஸில் பெரும்பாலும் அன்றே கிடைக்கும். கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். கிரீன் கார்டையும், இந்த மாநில முகவரி உள்ள ஓட்டுநர் உரிமத்தையும் கொண்டுபோங்கள். எஃப்பிஐ நடத்தும் பின்னணிச் சோதனை சில நிமிடங்களில் முடியலாம், சில நாள் இழுக்கவும் செய்யலாம். கலிபோர்னியாவில் 10 நாள் காத்திருந்தே ஆக வேண்டும். உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க வயது 21.

படிவத்தின் முதல் கேள்விகளில் ஒன்று, இதை வாங்குவது உங்களுக்காகவா என்பது. எச்-1பியில் இருக்கும் தம்பி காசு கொடுத்து, கிரீன் கார்டு வைத்திருக்கும் நீங்கள் வாங்கித் தந்தால் அது பெரிய குற்றம். உறவு, நட்பு எதுவும் அங்கே செல்லாது.

"டெக்சாஸ்லதான் லைசென்ஸே வேண்டாமே, அப்புறம் எதுக்கு வகுப்பு?"

2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் 21 வயது நிரம்பிய, சட்டத் தடை இல்லாத ஒருவர் உரிமம் இல்லாமலே மறைத்து எடுத்துச் செல்லலாம் என்பது உண்மைதான். இப்படி 29 மாநிலங்கள் இருக்கின்றன. இருந்தாலும் உரிமம் எடுங்கள். கட்டணம் 40 டாலர், வகுப்பு நாலிலிருந்து ஆறு மணி நேரம். கையில் உரிமம் இருந்தால் அதை ஏற்றுக்கொள்ளும் பிற மாநிலங்களுக்குப் போகும்போது சிக்கல் குறைவு. பள்ளியைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் துப்பாக்கி கூடாது என்ற மத்திய சட்டத்திலிருந்து பள்ளி இருக்கும் மாநிலத்தின் உரிமம் உள்ளவருக்கு விலக்கு உண்டு. நம் வீடுகள் எல்லாம் நல்ல பள்ளி பார்த்து வாங்கியவைதானே.

இன்னொரு காரணம், உரிமத் தேர்வில் 3, 7, 15 கஜ தூரத்தில் மொத்தம் 50 தோட்டா சுட வேண்டும். வாழ்க்கையில் ஒரு முறைகூடச் சுடாதவர் தன் நிலை என்ன என்று தெரிந்துகொள்ள அது ஒரு வாய்ப்பு. நியூயார்க்கில் 16 மணி நேர வகுப்பும் 2 மணி நேரச் சுடும் பயிற்சியும் கட்டாயம். அங்கே இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது.

"சின்னதா பாக்கெட்ல போடற மாதிரி ஒண்ணு போதும்ல?"

எல்லோரும் இங்கேதான் தவறுகிறார்கள். நானும் இப்படித்தான் தொடங்கினேன். கடையில் கையில் எடுத்தபோது பொம்மை போல லேசாக இருந்தது. .380 தோட்டா, கால் கிலோவுக்குச் சற்று மேல் எடை. இதுதான் சரி என்று வாங்கிவிட்டேன். ரேஞ்சில் முதல் ஆறு தோட்டா போனதும் உள்ளங்கை எரிந்தது. இருபதாவது தோட்டாவுக்குள் ட்ரிக்கரை அழுத்துவதற்கு முன்பே கண் தானாக மூடிக்கொள்ள ஆரம்பித்தது. ஏழு கஜத்தில் இருந்த காகிதத் தட்டில் பாதிகூடப் படவில்லை. அதற்கப்புறம் பயிற்சிக்குப் போகவே மனசு வரவில்லை, சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டேன். மூன்று மாதத்தில் அதை விற்றுவிட்டேன்.

காரணம் எளிது. ஒரே தோட்டாவை லேசான துப்பாக்கியில் சுட்டால் உதை கையில் கூர்மையாக இறங்கும், கனமான துப்பாக்கி அதில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்ளும். பிடி சின்னதாக இருந்தால் சுண்டு விரலுக்கு இடமிருக்காது. குழாய் சின்னதாக இருந்தால் குறி பார்க்க உதவும் முன் முனைக்கும் பின் முனைக்கும் இடையே தூரம் குறையும், கையில் சிறு பிசகு இருந்தாலும் குறி தப்பும். இவற்றையெல்லாம் தாண்டிச் சுட அனுபவம் வேண்டும். ரொம்பச் சின்னத் துப்பாக்கி, கை பழகியவருக்குத்தான் சரி. புதியவருக்கு அதுவே சுலபம் என்று நினைப்பது தலைகீழ்.

அதற்காக மிகப் பெரியதையும் சொல்லவில்லை. இடுப்பில் குத்திக்கொண்டே இருந்தால் இரண்டாவது வாரமே வீட்டில் வைத்துவிட்டுப் போவீர்கள். நடுவில் இருக்கிறதைப் பாருங்கள்.

"கைக்குப் பொருந்துதான்னு எப்படிப் பாக்கறது?"

தோட்டா இல்லை என்பதைக் கடைக்காரர் உங்களுக்குக் காட்டுவார். நீங்களும் ஒருமுறை திறந்து பாருங்கள். பிறகு, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள பள்ளம் பிடியின் மேல் விளிம்பில் நன்றாக ஏறி உட்காரும்படி பிடியுங்கள். அப்படியே கையைத் திருப்பாமல், ஆள்காட்டி விரலின் முதல் கணுச் சதை ட்ரிக்கரில் படுகிறதா பாருங்கள். எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் அது உங்களுக்குப் பெரியது. சில மாடல்களில் பிடியின் பின்பகுதியை மாற்றிக்கொள்ளலாம், கேட்டுப் பாருங்கள்.

அடுத்து, ஸ்லைடை, அதாவது துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தை, பத்து முறை பின்னுக்கு இழுங்கள். பத்தாவது முறையும் முதல் முறை போலவே வருகிறதா? பலமாக இழுப்பதைவிட, இழுக்கும் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் துப்பாக்கியை முன்னால் தள்ளினால் பலருக்கு வந்துவிடும். தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மேகசினில் தோட்டா நிரப்புவது, மேகசினைக் கழற்றும் பொத்தானை அழுத்துவது எல்லாவற்றையும் அங்கேயே செய்து பாருங்கள். வெட்கப்படாதீர்கள். புடவை எடுக்கும்போது எத்தனை முறை பிரித்துப் பார்க்கிறோம்.

இதெல்லாம் பாதிதான். மீதி ரேஞ்சில் தெரியும். பல ரேஞ்சுகளில் வாடகைக்குத் துப்பாக்கி தருவார்கள். இரண்டு மூன்று மாடல்களை எடுத்து ஒவ்வொன்றிலும் ஐம்பது தோட்டா சுடுங்கள். ஏழு கஜத்தில், எட்டு அங்குலக் காகிதத் தட்டில் எது அதிகமாகப் படுகிறதோ, ஐம்பது முடிந்தபின்னும் எதைக் கீழே வைக்கத் தோன்றவில்லையோ, அது உங்களுடையது.

"9 எம்எம் போதுமா? .45தான் ஆளை நிறுத்தும்னு சொல்றாங்களே"

போதும். இரண்டும் தோட்டாவின் விட்ட அளவு, .45 பெரியது. 1986இல் மயாமியில் நடந்த ஒரு துப்பாக்கிச் சண்டையில் இரண்டு அதிகாரிகளை இழந்த பிறகு எஃப்பிஐ பெரிய தோட்டாக்களை நோக்கிப் போனது. பிற்பாடு தோட்டாவின் வடிவமைப்பு மேம்பட்டதும் அவர்களே 9 எம்எம்முக்குத் திரும்பினார்கள். உதை குறைவு, மேகசினில் கூடுதல் தோட்டா, விலையும் குறைவு. விலை குறைவு என்றால் அதிகமாகப் பயிற்சி செய்வீர்கள் என்று அர்த்தம், எனக்கு அதுதான் முதல் காரணம்.

பயிற்சிக்குச் சாதாரண முழு உலோக உறைத் தோட்டா. இடுப்பில் வைப்பதற்கு, முனையில் குழி உள்ள ஹாலோ பாயின்ட். அது உடலில் விரிந்து வேகம் இழப்பதால் மறுபுறம் வெளியேறிப் பின்னால் நிற்பவரைத் தாக்கும் ஆபத்து குறைகிறது. எஃப்பிஐ சோதனையில், உடல் சதைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டினுக்குள் 12 முதல் 18 அங்குலம் போனால் சரி என்பது கணக்கு. நீங்கள் வாங்கும் வகையில் ஐம்பது தோட்டாவாவது உங்கள் துப்பாக்கியில் சிக்காமல் ஓடுகிறதா என்று சுட்டுப் பார்த்துவிட்டு வையுங்கள். நியூ ஜெர்சியில் ஹாலோ பாயின்டுக்கே கட்டுப்பாடு உண்டு.

"பொம்பளைங்களுக்கு ரிவால்வர்தான் சுலபம்னு கடையில சொல்லி என் மனைவிகிட்ட ஒண்ணு குடுத்தாங்க. சரியா?"

அந்தக் கடைக்காரர் உங்கள் மனைவியின் கையைப் பார்த்தாரா, பெண் என்பதை மட்டும் பார்த்தாரா? ஐந்து தோட்டாச் சின்ன ரிவால்வர் வெளியிலிருந்து பார்க்க எளிமையானது, ஸ்லைடு இழுக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் ட்ரிக்கர் நீளம், கனம். எடையோ நானூறு கிராம் அளவுதான், ஆகவே சின்னத் துப்பாக்கி பற்றிய கேள்வியில் சொன்ன உதை இதிலும் உண்டு.

ஸ்லைடு இழுக்க வரவில்லை என்பதுதான் பிரச்சினை என்றால், அதற்கென்றே லேசான ஸ்பிரிங்கோடு வருபவை உண்டு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு ஈஸி ஒன்று. மூட்டுவலி உள்ள என் நண்பரின் மனைவி இரண்டு வாரம் தேடி அதைத்தான் எடுத்தார். முக்கியமாக, யார் சுடப் போகிறாரோ அவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கணவர் தேர்ந்தெடுத்துப் பரிசளித்த துப்பாக்கி பல வீடுகளில் டிராயரை விட்டு வெளியே வருவதில்லை.

"சரி, பேரைச் சொல்லுங்க. எதை வாங்கறது?"

கிளாக் 19 நடுத்தர அளவு, 15 தோட்டா, புதியவர் பழக மிக நல்லது, கொஞ்சம் தடிமன். கிளாக் 43எக்ஸ் அதைவிட ஒல்லி, 10 தோட்டா. சிக் சாவர் பி365 2018இல் வந்தது, சின்ன உடம்பில் 10 தோட்டா அடக்கியதால் இந்தச் சந்தையையே மாற்றியது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு பிளஸ், ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட் இரண்டும் அதே வகை. நான் இப்போது வைத்திருப்பது ஷீல்டு பிளஸ். என் கைக்கு அதன் பிடி ஒத்துக்கொண்டது, வேறு ரகசியம் இல்லை.

இந்த ஐந்தில் எதுவும் மோசமில்லை. எனவே பெயரில் நேரம் செலவழிக்காமல் முன்பு சொன்ன ஐம்பது தோட்டாச் சோதனையில் செலவழியுங்கள். கலிபோர்னியாவில் அரசு ஒப்புக்கொண்ட பட்டியலில் உள்ளதைத்தான் கடையில் புதிதாக விற்பார்கள். அங்கேயும் நியூயார்க், நியூ ஜெர்சியிலும் மேகசின் 10 தோட்டாவுக்கு மேல் கூடாது.

"சேஃப்டி லீவர் இல்லாததை வாங்கவே பயமா இருக்கு. சேம்பர்ல தோட்டா வேற வைக்கணுமா?"

பயம் நல்லது. கிளாக் போன்றவற்றில் கட்டை விரலால் தள்ளும் சேஃப்டி கிடையாது. கீழே விழுந்தால் வெடிக்காதபடி உள்ளே தடைகள் உண்டு, ஆனால் ட்ரிக்கரை அழுத்தினால் வெடிக்கும். அது விரலா, சட்டை நுனியா என்று அதற்குத் தெரியாது. லீவர் உள்ள மாடல்களும் கிடைக்கின்றன. எடுத்தால், வெளியே எடுக்கும் ஒவ்வொரு முறையும் அதைத் தள்ளிப் பழக வேண்டும்.

பெரும்பாலான பயிற்சியாளர்கள் சேம்பரில், அதாவது சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் அறையில், தோட்டாவோடு வைக்கத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆபத்து வரும் நொடியில் ஸ்லைடு இழுக்க இரண்டு கையும் ஓய்வாக இருக்காது. ஒரு கையில் குழந்தை இருக்கலாம். ஆனால் அது ட்ரிக்கரை முழுதும் மூடும் ஹோல்ஸ்டர் என்ற உறையோடு மட்டும். மனசு ஒத்துக்கொள்ளவில்லை என்றால், தோட்டா இல்லாமல் வீட்டுக்குள் இரண்டு வாரம் அணிந்து நடமாடுங்கள். ஸ்லைடு இழுத்துத் தயார் நிலையில் வைத்த ட்ரிக்கர் ஒரு தடவைகூடத் தானாக விழவில்லை என்று கண்ணால் பார்த்தபின் முடிவெடுங்கள். அதுவரை வெளியே எடுத்துப் போகாமலிருப்பது மேல்.

"ஹோல்ஸ்டர் எதுக்கு, கைப்பையில போட்டுக்கிட்டா ஆகாதா?"

ஆகாது. 2014 டிசம்பரில் ஐடஹோவில் ஒரு கடையில், தாயின் கைப்பைக்குள் இருந்த துப்பாக்கியை இரண்டு வயதுக் குழந்தை எடுத்துவிட்டது. அந்தத் தாய் அங்கேயே இறந்துபோனார். அவர் முறைப்படி உரிமம் பெற்றவர். துப்பாக்கிக்கென்று தனி அறை உள்ள கைப்பையில்தான் வைத்திருந்தார். பையைத் தள்ளுவண்டியில் வைப்போம், நாற்காலியில் மாட்டுவோம், மறப்போம். உடம்பில் இருந்தால்தான் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும்.

கைடெக்ஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில், உங்கள் மாடலுக்கென்றே வார்த்த ஹோல்ஸ்டர் வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று விற்கும் துணி உறை வேண்டாம். துப்பாக்கிக்கென்று செய்த கெட்டியான பெல்ட்டும் வேண்டும், சாதாரண பெல்ட் தொங்கும். சட்டையை வெளியே விட்டால் பெரும்பாலும் மறைந்துவிடும். சுடிதார், புடவைக்கு பெல்ட் கிடையாது. வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டை உண்டு, அதிலும் ட்ரிக்கரை மூடும் கெட்டி உறை இருப்பதாகப் பாருங்கள். வேட்டி கட்டும் நாளில் நான் எடுத்துப் போவதில்லை. கோயிலிலும், துப்பாக்கி கூடாது என்று பலகை வைத்த எந்த இடத்திலும், குடிக்கப் போகும் விருந்திலும் அப்படியே.

"மொத்தம் எவ்வளவு ஆகும்?"

துப்பாக்கி 400 முதல் 600 டாலர். நல்ல ஹோல்ஸ்டரும் பெல்ட்டும் சேர்த்து 120 முதல் 150. பூட்டுப் பெட்டி, கண் காது பாதுகாப்பு, வகுப்பு, முதல் ஆயிரம் தோட்டா என்று கூட்டினால் துப்பாக்கி விலைக்குச் சமமாக இன்னொரு தொகை போகும். கையில் 600தான் இருக்கிறது என்றால் 600க்குத் துப்பாக்கி வாங்காதீர்கள். பழையதாக நல்லது ஒன்றை 350க்கு வாங்கி, மீதியைத் தோட்டாவிலும் பயிற்சியிலும் போடுங்கள்.

"வீட்ல நாலு வயசுப் பையன் இருக்கான். ஊர்லேர்ந்து அப்பா அம்மாவும் வராங்க. எங்க வைக்கறது?"

இடுப்பில் இல்லாத நேரமெல்லாம் பூட்டில். பீரோ மேல்தட்டு, தலையணை அடி எல்லாம் ஒளிவிடம் ஆகாது. நம் பிள்ளைகள் தீபாவளிப் பலகாரத்தை எங்கே ஒளித்தாலும் கண்டுபிடிப்பவர்கள். எண் அழுத்தினால் சட்டென்று திறக்கும் சின்ன இரும்புப் பெட்டியைக் கட்டிலோடு கம்பியால் பிணைத்து வையுங்கள். டெக்சாஸில் 17 வயதுக்குட்பட்ட பிள்ளை எடுக்கும்படி விட்டு வைப்பதே குற்றம்.

அப்பா அம்மா சுற்றுலா விசாவில் வருகிறார்கள். முதல் கேள்வியில் சொன்ன தடை அவர்களுக்கும் உண்டு. பெட்டியின் எண் அவர்களுக்குத் தெரியக் கூடாது. அப்பாவுக்கு ஆசை என்று கையில் கொடுத்துப் படம் எடுக்கவும் வேண்டாம்.

"எனக்கே கொஞ்ச நாளா மனசு சரியில்ல. வேலை போயிடுச்சு. பாதுகாப்புக்குன்னு ஒண்ணு வாங்கி வெக்கலாமா?"

ஒரு தம்பி இதை என்னிடம் கேட்டபோது, இப்போது வேண்டாம் என்று நேராகவே சொன்னேன். அமெரிக்காவில் துப்பாக்கியால் நிகழும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். மனம் இருண்டிருக்கும் அந்தச் சில நிமிடங்களில் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இல்லாமலிருப்பதே ஒரு உயிரைக் காப்பாற்றும். ஏற்கெனவே வீட்டில் இருந்தால், நிலைமை தெளியும் வரை அதை வெளியே வைக்க வழி உண்டு. சில கடைகளும் ரேஞ்சுகளும் வாங்கி வைத்துக்கொள்கின்றன. தற்கொலை எண்ணம், மன நெருக்கடி வந்தால் உதவும் 988 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். அந்தத் தம்பியோடு அன்றிரவு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். உங்களுக்கும் அப்படி ஒருவர் இருப்பார், கூப்பிடுங்கள்.

"காரை உடைச்சுத் திருடறவனைப் பார்த்தா சுடலாமா?"

உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு 911ஐ அழையுங்கள். சொத்தைக் காக்க டெக்சாஸ் சட்டம் மற்ற மாநிலங்களைவிடக் கொஞ்சம் அதிகமாக இடம் கொடுக்கிறது, அதை வைத்துப் பலர் பலவிதமாகப் பேசுவார்கள். கார் ஸ்டீரியோவுக்காக ஒரு உயிரை எடுத்துவிட்டு, வழக்கும் தூக்கமின்மையுமாக வாழ வேண்டுமா? துப்பாக்கி உங்களுக்கோ உங்களோடு இருப்பவருக்கோ உயிர் போகும் நிலை, தப்ப வழியும் இல்லை என்ற நேரத்துக்கு. நியூயார்க், நியூ ஜெர்சியில் பாதுகாப்பாகப் பின்வாங்க முடிந்தால் வீட்டுக்கு வெளியே பின்வாங்கியே ஆக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

நகை பற்றிய பயத்துக்கு இன்னொன்று. அந்தத் திருட்டுகளில் பல, வீட்டில் ஆள் இல்லாதபோது நடப்பவை. அதற்கு வங்கி லாக்கர்தான் மருந்து.

"டெக்சாஸ் லைசென்ஸோட நியூ ஜெர்சில இருக்கற அக்கா வீட்டுக்குப் போலாமா?"

நியூ ஜெர்சி வேறு எந்த மாநில உரிமத்தையும் ஏற்பதில்லை. நியூயார்க்கும் அப்படியே. காரில் கடந்து போகிறவருக்கு 1986 மத்தியச் சட்டம் ஒரு பாதுகாப்பு தருகிறது: புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் நீங்கள் வைத்திருப்பது சட்டப்படி சரியாக இருக்க வேண்டும், தோட்டா நீக்கி, கைக்கு எட்டாதபடி டிக்கியில் பூட்டியிருக்க வேண்டும். இடையில் தங்கினால் அந்தப் பாதுகாப்பு ஆட்டம் காணும். 2005இல் யூட்டாவிலிருந்து வந்த ஒரு பயணி நியூ ஜெர்சியின் நுவார்க் விமான நிலையத்தில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டு, பெட்டியை வாங்கிக்கொண்டு ஒரு இரவு ஓட்டலில் தங்கினார். மறுநாள் பெட்டியில் துப்பாக்கி இருப்பதை அவரே சொன்னார், கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டு பின்னர் கைவிடப்பட்டது, ஆனால் அவர் தொடுத்த வழக்கு 2010இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. அக்கா வீட்டுக்கு வெறுங்கையோடு போய்வாருங்கள்.

"இந்தியா போகும்போது துப்பாக்கிய வீட்லதான் வெச்சுட்டுப் போறேன். வேற என்ன பாக்கணும்?"

பையைப் பாருங்கள். ரேஞ்சுக்கு எடுத்துப் போகும் பையையே ஊருக்கும் எடுத்துப் போகிறவர்கள் மாட்டுகிறார்கள். ஓரத்துத் தையலுக்குள் ஒரே ஒரு தோட்டா தங்கியிருந்தாலும், இந்திய விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தால் ஆயுதச் சட்டம் 1959இன் கீழ் வழக்கு வரும். தெரியாமல் இருந்தது என்று நீதிமன்றத்தில் நிரூபித்து வெளியே வந்தவர்கள் பலர். ஆனால் அதற்குள் பாஸ்போர்ட், விடுமுறை, வேலை எல்லாம் சிக்கலில்.

நான் ரேஞ்சுக்கென்று ஒரு சிவப்புப் பை வைத்திருக்கிறேன். அது காரிலிருந்து அலமாரிக்கு மட்டும்தான் போகும். ஊருக்குப் போகும் பெட்டிகளைப் பயணத்துக்கு முதல் நாள் தலைகீழாகக் கவிழ்த்து, உள் ஜிப்புகளைத் திறந்து, விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் துணி அடுக்குவோம். அந்த வேலை என் மகளுடையது.